நயினாதீவா, திருகோணமலையா? சிலம்பு விழுந்தது எங்கே?

வெள்ளவத்தைப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் ஓர் ஓரத்தில் இருந்து வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், இன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதுகிறேன். வருகிற ஆனித் திருவிழாவுக்கு அம்மாவை யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, முழங்கால் சரியில்லை, ஆனாலும் அங்கே கொடியேறிவிட்டது என்று கேள்விப்பட்டால் அவரை வெள்ளவத்தையில் பிடித்து வைத்திருக்க முடியாது. போன கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தட்சன் யாகம், சதிதேவி தீயில் விழுந்தது, சிவன் அந்த உடலைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தது, விஷ்ணு சக்கரத்தால் அரிந்தது, கடைசியில் கால் சிலம்பு வந்து எங்கள் நயினாதீவில் விழுந்தது. அப்படி விழுந்த இடங்களைத்தான் சக்தி பீடம் என்கிறார்கள். மகளுக்குப் பதினாலு வயது, எதைச் சொன்னாலும் போனில் தட்டிப் பார்க்கிற வயது. "அம்மம்மா, இலங்கையில இருக்கிற சக்தி பீடம் திருகோணமலை எண்டெல்லோ போட்டிருக்கு" என்றாள். அம்மா பிட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். இரண்டு நாளாகப் பேத்தியோடு பேச்சு இல்லை.

எது சரி? சண்டை வேண்டாம், தெரிந்தவர்கள் சொன்னால் போதும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
சண்டை வேண்டாம் என்று தொடங்கிய இழை எதுவும் இங்கே சண்டையில்லாமல் முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை அக்கா. நான் ஒரு பிளேன்ரீ போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறேன்.

திருமலையான்:
உங்கள் மகள் சொன்னதில் பிழை இல்லை அக்கா. ஆதிசங்கரர் பாடியதாகச் சொல்லப்படும் பதினெட்டுப் பீடத் தோத்திரம் தொடங்குவதே "லங்காயாம் சாங்கரீ தேவீ" என்றுதான். காஞ்சி காமாட்சியே அதற்கு அடுத்ததாகத்தான் வருகிறாள். இலங்கை என்றால் எந்த இடம்? 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்று பாடியது எங்கள் மலையைத்தானே. போர்த்துக்கேயர் 1622இல் அங்கே இருந்த கோணேசர் என்கிற சிவன் கோயிலை இடித்தார்கள், அந்தக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள், இன்றைக்கும் அந்தக் கோட்டை வாசலுக்குள்ளால் நடந்துதான் கோணேசரைக் கும்பிடப் போகிறோம். சங்கரிதேவி கோயிலும் அந்த இடிப்பில் போனதுதான் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லுவார்கள். அம்மாவுக்கு மனவருத்தம் என்றால் எனக்கும் கவலைதான், ஆனால் கேட்டதற்குப் பதில் இது.

நயினைப் பேரன்:
தம்பி திருமலையான், பாதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பதினெட்டு மட்டும்தான் பட்டியலா? ஐம்பத்தொரு பீடப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் "லங்காயாம் நூபுரஞ்சைவ" என்று வருகிறது. நூபுரம் என்றால் சிலம்பு. அங்கே தேவியின் பெயர் இந்திராட்சி, முற்காலத்தில் இந்திரன் வழிபட்டவள் என்று அடுத்த அடியிலேயே சொல்லியிருக்கிறது. கௌதமரின் சாபத்தால் உடம்பெல்லாம் குறியோடு திரிந்த இந்திரன் வந்து தவம் இருந்து, அந்தக் குறிகள் எல்லாம் கண்ணாக மாறியது எங்கள் தீவில். அம்மம்மா சொன்ன கதையில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு கதை இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். பக்கத்துப் புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் தினமும் வாயில் பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்தி வந்து அம்மனைக் கும்பிடும். ஒருநாள் நடுக்கடலில் கருடன் கண்டுவிட்டது. நாகம் உயிர் தப்ப ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது, எதிரே இன்னொரு கல்லில் கருடன் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தது. அந்த வழியால் கப்பலில் வந்த சோழநாட்டு வணிகன் ஒருவன் கருடனிடம் கெஞ்சினான். "இந்த அம்மனுக்குக் கோயில் கட்டுகிறாயா, விடுகிறேன்" என்றதாம் கருடன். கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். கருடன் பகையைக் கழுவ மூன்று தரம் கடலில் முழுகிவிட்டுப் போனது. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இரண்டு பெயரும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாகத்தை நகையாகப் பூண்டவள் என்றுதான் நாகபூஷணி.

திருமலையான்:
அண்ணை, நீங்கள் எடுத்துப் போட்ட அதே சுலோகத்தில் தேவிக்குக் காவலாக நிற்கிற சிவன் வடிவமான பைரவரின் பெயரை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? "ராக்ஷஸேஸ்வரர்" என்று இருக்கிறது. இராட்சதரின் ஈசுவரன் யார்? இராவணன் கும்பிட்ட கோணேசர். ஆகவே உங்கள் சுலோகமும் எங்கள் பக்கம்தான் நிற்கிறது.

நயினைப் பேரன்:
[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நிர்வாகி:
ஊரைப் பற்றிப் பேசலாம், ஊர்க்காரரைப் பற்றி வேண்டாம். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பிளேன்ரீ இன்னும் ஆறவில்லை.

ஜம்பட்டா மாமி:
எனக்கு உந்தப் பட்டியல் ஒன்றும் தெரியாது பிள்ளைகள். செவ்வாய்க்கிழமை இங்கே பக்கத்தில் இருக்கிற அம்மனிடம் போகிறேன், முடிந்த வருஷம் நயினாதீவுக்குப் போகிறேன், திருகோணமலைக்கும் போயிருக்கிறேன். மூன்று இடத்திலும் அழுதிருக்கிறேன், மூன்று இடத்திலும் கேட்டாள். அந்த அம்மாவைச் சாப்பிடச் சொல்லு பிள்ளை.

கல்லெழுத்து:
தலைப்பில் இருக்கிற கேள்விக்கு வருகிறேன். இங்கே நடப்பது இரண்டு வேறு பட்டியல்களை ஒன்றாக நினைத்து அடிபடுவது. பதினெட்டுப் பீடத் தோத்திரத்தில் ஊர்ப் பெயரும் தேவியின் பெயரும் மட்டும்தான் இருக்கின்றன, எந்த உறுப்பு எங்கே விழுந்தது என்ற பேச்சே அந்த சுலோகங்களில் இல்லை. உறுப்பையும் பைரவரையும் சேர்த்துச் சொல்வது ஐம்பத்தொன்றின் பட்டியல். அறுபத்துநாலு என்றும் நூற்றெட்டு என்றும் வேறு கணக்குகளும் இருக்கின்றன. ஒன்றில் சங்கரி, மற்றதில் இந்திராட்சி. ஆகவே ஒரே சிலம்பு இரண்டு இடத்தில் விழவில்லை. சிலம்பு ஒரு பட்டியலுக்கு உரியது, சங்கரி இன்னொரு பட்டியலுக்கு உரியவள்.

இரண்டுக்கும் பொதுவானது "லங்காயாம்" என்ற ஒரு சொல் மட்டும். மலை என்றும் சொல்லவில்லை, தீவு என்றும் சொல்லவில்லை. வடக்கே எங்கோ இருந்து பாடியவருக்குக் கடலுக்கு அப்பால் ஓர் இலங்கை இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சொல்லைத் தங்கள் ஊர் அம்மனுக்குச் சூட்டிக்கொண்டவர்கள் இங்கே இருந்த சனங்கள். திருமலையில் அப்படிச் செய்தார்கள், நயினாதீவிலும் செய்தார்கள். எனக்கு இதில் குறையாக ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளவத்தைப் பிள்ளை:
நன்றி கல்லெழுத்து. சிலம்பும் சங்கரியும் வேறு வேறு பட்டியல் என்று மகளிடம் காட்டினேன். "அப்ப அம்மம்மாவும் சரி, நானும் சரி" என்று போய்ச் சொல்லியிருக்கிறாள். அம்மா "உம்" என்றார். அது முன்னேற்றம்தான்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில் ஒரு சிங்கள அன்ரி, நல்ல மனுசி, அவரும் நயினாதீவுக்குப் போய் வந்தவர். ஆனால் அவருக்கு அது நாகதீபம், புத்தர் வந்த இடம். அம்மன் கோயிலிலும் பூத்தட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னார். புத்தர் கதைக்கும் எங்கள் கதைக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா, அல்லது ஒரே தீவில் இரண்டு பேரும் தற்செயலாகக் குடியிருக்கிறார்களா?

ஓய்வு வாத்தியார்:
பிள்ளை, நல்ல கேள்வி கேட்டுவிட்டீர். நான் முப்பது வருஷம் தமிழ் படிப்பித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளும்.

இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தில் இருக்கிற கதை இது: மகோதரன், சூளோதரன் என்று இரண்டு நாக அரசர்கள், மாமனும் மருமகனும், மணி பதித்த ஓர் ஆசனத்துக்காகப் போருக்கு நிற்கிறார்கள். ஞானம் பெற்ற ஐந்தாம் வருஷம் புத்தர் நாகதீபத்துக்கு வந்து அவர்களைச் சமாதானப்படுத்துகிறார். இப்போது மணிமேகலையை எடுத்துப் பாரும். மணிமேகலா தெய்வம் புகாரிலிருந்து அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு தெற்கே "ஆறைந்து யோசனை", அதாவது முப்பது யோசனை, போய் மணிபல்லவத்தில் இறக்கிவிடுகிறது. அங்கே ஒரு பீடிகை. அதற்காக இரண்டு நாக அரசர்கள் அடிபட்டார்கள், புத்தர் வந்து தீர்த்துவைத்தார் என்று அங்கேயும் இருக்கிறது. பாளியில் இருக்கிற அதே கதை தமிழிலும் இருக்கிறது. மணிபல்லவத்துக்குப் பக்கத்தில் இரத்தின தீவம், அதில் சமந்த மலை என்றும் காப்பியமே சொல்கிறது. சமந்தம் எது என்று கொழும்பில் இருக்கிற உமக்கு நான் சொல்லத் தேவையில்லை, சிவனொளிபாதம். அதனால்தான் மணிபல்லவத்தை நயினாதீவோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒத்துக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

நான் வகுப்பில் எப்போதும் சொல்லுகிற ஒன்று இருக்கிறது. மணிபல்லவத்துப் பீடிகையைக் காவல் காக்கிற தீவதிலகை தன்னை யார் அனுப்பினார் என்கிறாள்? இந்திரன். நயினைப் பேரன் காட்டிய சுலோகத்தில் அம்மனை வழிபட்டவன் யார்? அதுவும் இந்திரன். பௌத்தக் கதையிலும் சாக்தக் கதையிலும் இந்திரன் அங்கே வந்துதான் இருக்கிறான். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு தீவில் இரண்டு சமயம் நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தால் சுவருக்கு மேலால் கதை போய்வரும், எங்கள் வீடுகளில் கறிக்கிண்ணம் போய்வருகிற மாதிரி.

அமுதசுரபியும் அங்கேதான் கிடைக்கிறது. வைகாசி விசாகத்துப் பூரணையில் கோமுகிப் பொய்கையில் மேலே வருகிற பாத்திரம். அதைப் பொய்கையில் விட்டவன் ஆபுத்திரன். அவன் கதையைச் சனம் மறந்துவிட்டது, எனக்கு அதுதான் மனதைப் பிசைகிற பகுதி. சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டுப் பசியாற்றப் போக மரக்கலம் ஏறுகிறான். காற்று மோசமாகி மணிபல்லவத்தில் கப்பலை நிறுத்துகிறார்கள். அவன் இறங்கிவிட்டான், ஆள் இறங்கியது தெரியாமல் இரவோடு இரவாகக் கப்பல் போய்விட்டது. கையில் எடுக்க எடுக்கக் குறையாத சோறு, கொடுக்க அந்தத் தீவில் ஒரு ஆள் இல்லை. என்னுடைய பசிக்கு மட்டும் இது எதற்கு என்று பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் கிடந்து உயிரை விடுகிறான்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
சேர், பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லித் தந்திருந்தால் நான் தமிழில் இன்னும் கொஞ்சம் நல்ல மார்க்ஸ் எடுத்திருப்பேன்.

நயினைப் பேரன்:
வாத்தியார் ஐயா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் கோயிலில் சோறு போடுகிற மண்டபத்துக்குப் பெயர் அமுதசுரபி. சின்ன வயதிலிருந்து அங்கே பந்தியில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். இந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

திருமலையான் தம்பி, நேற்று எழுதி நீக்கப்பட்டதற்கு மன்னிப்பு.

திருமலையான்:
பரவாயில்லை அண்ணை. நான் அதை வாசிக்க முதலே நீக்கிவிட்டார்கள், அதுதான் கவலை.

கல்லெழுத்து:
வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். நாகதீபம் என்றால் நயினாதீவு மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1936இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கிற வல்லிபுரத்தில் ஒரு பொன்னேடு கிடைத்தது. அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தது, ஏறத்தாழ 2ஆம் நூற்றாண்டு. அதில் "நகதிவ"வை ஓர் அமைச்சன் ஆண்டபோது ஒரு விகாரை கட்டியதாக எழுதியிருக்கிறது. ஓர் அமைச்சன் இருந்து ஆளுகிற அளவுக்கு என்றால் அது சின்னத் தீவாக இருக்க முடியாது, குடாநாடு முழுவதையும் அப்படி அழைத்திருக்கிறார்கள். பிறகு காலப்போக்கில் அந்தப் பெயர் சுருங்கிச் சுருங்கி ஒரு தீவில் வந்து தங்கியிருக்கிறது.

நாகர் என்றால் பாம்பு என்று பயப்படவும் தேவையில்லை. அநுராதபுர மன்னர் வரிசையில் சோரநாகன், இளநாகன் என்று பெயர்கள் வருகின்றன. புறநானூற்றில் இரண்டாம் பாட்டைப் பாடியவர் பெயரே முரஞ்சியூர் முடிநாகராயர். சனங்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. உங்கள் வீட்டுக் கல்யாண அழைப்பிதழ்களைப் புரட்டிப் பாருங்கள், நாகலிங்கம், நாகராசா, நாகேஸ்வரி, நாகம்மா இல்லாத தீவுப்பகுதிக் குடும்பம் உண்டா?

வெள்ளவத்தைப் பிள்ளை:
என் அம்மாவின் பெயரே நாகேஸ்வரிதான் :) அம்மாவின் அம்மா பிள்ளை வேண்டி நயினாதீவில் நேர்த்தி வைத்துப் பிறந்தவர் என்று வைத்த பெயர்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஒரு சந்தேகம். பட்டியல் வடக்கே யாரோ எழுதியது, காப்பியம் புகாரில் தொடங்குகிற கதை, பொன்னேடு வல்லிபுரத்தில் கிடைத்தது. அந்தக் கோயிலிலேயே, கண்ணால் பார்க்கக்கூடிய மாதிரி, பழசாக எதுவும் இல்லையா? இருக்கிறதெல்லாம் பறங்கி இடித்துப் போட்டானா?

கல்லெழுத்து:
கட்டடத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் அப்படித்தான். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் விழுந்தது, அடுத்த சில வருஷங்களில் நல்லூர் உட்பட அங்கே இருந்த கோயில்கள் இடிபட்டன, நயினாதீவும் தப்பவில்லை. இன்றைக்கு இருக்கிற கோயில் 18ஆம் நூற்றாண்டில் திரும்ப எழும்பியதன் தொடர்ச்சி. ஒல்லாந்தர் காலத்தில் நயினாதீவை வரைபடத்தில் ஹார்லெம் என்று எழுதி வைத்திருந்தார்கள். புங்குடுதீவு மிடில்பேர்க், காரைநகர் அம்ஸ்ரடாம். பெயர் ஒன்றும் ஒட்டவில்லை, நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒரு கல் இருக்கிறது. இந்த இழையில் எனக்கு உண்மையாகச் சொல்ல இருப்பது இந்தக் கல்லைப் பற்றித்தான், மற்றதெல்லாம் நீங்கள் கேட்டதால் எழுதியது.

நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு. போட்டவன் முதலாம் பராக்கிரமபாகு, பொலன்னறுவையில் இருந்து 1153 முதல் 1186 வரை ஆண்டவன். சிங்கள மன்னன், ஆனால் ஆணை தமிழில். பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் வாசித்து வெளியிட்டார். அம்மன் கோயிலில் இருக்கிற கல் என்றவுடன் விளக்குக்கு நெய், பூசைக்கு நிலம் என்று நினைப்பீர்கள். அதில் அப்படி எதுவும் இல்லை. முழுக்க முழுக்கக் கப்பல் விவகாரம்.

பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர்கள், ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்துறை. அடுத்ததாக, கடலில் உடைந்த கப்பலின் பொருள் யாருக்கு என்ற கேள்வி. தனக்கு யானை குதிரை மேல் விருப்பம் என்று மன்னனே சொல்லிக்கொள்கிறான். அவற்றை ஏற்றிவந்த கப்பல் கெட்டால் "நாலத்தொன்று", கால்பங்கு, பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, மிச்ச மூன்று பங்கும் உடையவனுக்கு. சாதாரண வாணிகக் கப்பல் கெட்டால் "செம்பாகம்", சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கரை ஒதுங்கினதெல்லாம் அரசனுக்கே என்றால் எந்த வணிகன் இந்தப் பக்கம் கப்பலைத் திருப்புவான்? அவனைப் பிடித்துவைக்கத்தான் இந்தப் பங்கு. குதிரை கொண்டுவருகிறவனுக்குக் கூடுதல் சலுகை, ஏனென்றால் குதிரை இந்த நாட்டில் கிடைக்காது. யானை ஏன் என்று கேட்பீர்கள், இங்கேதான் காடு நிறைய யானையாச்சே. பர்மாவிலிருந்தும் யானை வாங்கியிருக்கிறார்கள். அங்குள்ள அரசன் யானை விலையை ஏற்றித் தொல்லை கொடுத்தான் என்று பராக்கிரமபாகு படையே அனுப்பியதாக மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்கிறது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
நான் புறக்கோட்டையில் இறக்குமதிச் சாமான் கடை வைத்திருக்கிறவன். சாமான் கடலில் போனால் பாதி திருப்பித் தருகிறேன் என்று கல்லில் வெட்டித் தருகிற அரசாங்கம் என்றால் என் வோட்டு அவருக்குத்தான், அவர் செத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் என்றாலும்.

ஓய்வு வாத்தியார்:
கல்லெழுத்து, நீர் இதை எழுதியபிறகு எனக்கு இரவு நித்திரை வரவில்லை. ஆபுத்திரனைக் கப்பல் விட்டுப் போனதை எழுதினேன், இன்னொன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். பீலிவளை என்ற நாகநாட்டு இளவரசி, சோழனோடு சேர்ந்து பிள்ளை பெற்றவள். அந்தப் பிள்ளையை அப்பனிடம் சேர்ப்பிக்கக் கம்பளச் செட்டி என்ற வணிகனின் கையில் கொடுக்கிறாள். எங்கே வைத்து? மணிபல்லவத்தில்தான். அன்றிரவே கப்பல் உடைந்து பிள்ளை காணாமல் போகிறது. சோழன் பிள்ளையைத் தேடித் திரிந்ததில் இந்திர விழாவை மறக்கிறான், அதனால் புகாரையே கடல் கொள்கிறது. காப்பியம் அதைத் தெய்வத்தின் கோபம் என்று சொல்கிறது. ஆனால் அந்தக் கடலில் கப்பல் உடைவது புலவனுக்குத் தெரிந்த சங்கதியாக இருந்திருக்க வேண்டும், மன்னன் சட்டம் போடுகிற அளவுக்கு உடைந்திருக்கிறதே. பாம்பையும் கருடனையும் விலக்கினவனும் கப்பலில் வந்த வணிகன்தான். நானும் இத்தனை வருஷம் படிப்பித்தேன், இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை.

நயினைப் பேரன்:
ஐயா, இதை எங்களிடம் கேட்டிருந்தால் ஒரே வசனத்தில் சொல்லியிருப்போம். தீவார் என்றால் கடைக்காரர். என் அப்பப்பா தென்பகுதியில் ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் ஊரிலிருந்து திரும்பும்போது, வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தபிறகு, கோபுரம் மறையும்வரை அந்தப் பக்கமே திரும்பி இருப்பார், கடைப் பக்கம் பார்க்கமாட்டார். மறைந்தபிறகுதான் வெற்றிலை போடுவார். அப்போது 108 அடி ராஜகோபுரம் எல்லாம் இல்லை, சின்னக் கோபுரம்தான், சீக்கிரம் மறைந்துவிடும். இறங்குகிற கரையில் உயிரோடு இறங்குவோமா, போட்ட காசு திரும்புமா என்ற பயம் உள்ளவனுக்குத்தான் அந்த அம்மன். 1986இல் கோயிலும் தேரும் எரிந்தபோது நான் சின்னப்பிள்ளை, அப்பா அழுததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். திரும்பவும் தேர் செய்தார்கள், திரும்பவும் ஓடுகிறது.

திருமலையான்:
அண்ணை, சங்கரி எங்களுடையவள்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் கப்பல் அம்மன் உங்களுக்குத்தான். அதை நான் விட்டுத்தருகிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
எழுதி வையுங்கள், இந்த இழையில் ஒருவர் ஒன்றை விட்டுக்கொடுத்தார். கல்லில் வெட்டலாம்.

வெள்ளவத்தைப் பிள்ளை:
எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு வரும் என்று நான் நினைக்கவில்லை. முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கப்பல் சட்டம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை, ஆபுத்திரன் கதைக்குத்தான் "ஐயோ பாவம்" என்றார். இனிப் பயணத்தைப் பற்றி. முழங்கால் நோ உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஜம்பட்டா மாமி:
இதற்கு நான் ஆள். கோட்டையிலிருந்து இரவு மெயிலில் போகாதே பிள்ளை, படுக்க இடம் கிடைக்காவிட்டால் முழங்கால் வீங்கிவிடும், பகல் ரெயினில் போய் யாழ்ப்பாணத்தில் ஒரு இரவு தங்கு. அடுத்தநாள் விடியவே குறிகட்டுவான் பஸ் எடு. வேலணை, புங்குடுதீவு தாண்டிப் பாலத்தால் போகும், இரண்டு பக்கமும் கடல், யன்னல் சீற் அம்மாவுக்குக் கொடு. குறிகட்டுவானில் படகு ஏறுகிற இடம்தான் சிக்கல். படகு ஆடும், இரண்டு பொடியன்களைக் கூப்பிட்டுக் கையைப் பிடிக்கச் சொல்லு, வெட்கப்படாதே. உள்ளே கீழே இறங்கி இருந்தால் புகைமணத்துக்குத் தலை சுற்றும், வாசல் பக்கம் இருத்து. கடல் ஓட்டம் இருபது நிமிஷம் வராது. தேர் அன்றைக்குப் போகவே போகாதே, அதற்கு இரண்டு நாள் முதல் போ. தண்ணீர்ப் போத்தல், விசிறி, கால் துடைக்க ஒரு துவாய். உச்சி வெயிலில் வெளிவீதி மணல் கொதிக்கும்.

நயினைப் பேரன்:
மாமி சொன்னதில் மாற்றம் இல்லை. அன்னதானத்துக்கு மட்டும் கொஞ்சம் முந்திப் போய்விடுங்கள், வயதானவர்களை முன்பந்தியில் விடுவார்கள்.

வெள்ளவத்தைப் பிள்ளை:
போய் வந்துவிட்டோம். ஆறு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், வந்தவுடனே வேலை.

படகில் பாதிப்பேர் வெள்ளை உடுத்த சிங்களச் சனம், விகாரைக்குப் போகிறவர்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி தன் மடியில் இருந்த தாமரை மொட்டில் ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார், அம்மா தேசிக்காய் ஒன்றைக் கொடுத்தார், இரண்டு பேருக்கும் மற்றவரின் பாஷை தெரியாது. மகள் முழுநேரமும் கடலுக்குள் கல் தேடிக்கொண்டு வந்தாள், பாம்பு சுற்றிய கல் எது, கருடன் கல் எது என்று படகோட்டியை வேறு கரைச்சல் படுத்தினாள். அவர் கையை ஒரு பக்கம் காட்டினார், எனக்கு அலைதான் தெரிந்தது.

கல்லெழுத்து, உங்கள் கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு போனேன். கூட்டம் தாங்க முடியவில்லை. ஒரு ஐயரிடம் கேட்கலாம் என்று நின்றபோது அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "கல்லு எங்கயும் போகாது, பந்தி துடங்கப்போகுது, வா" என்றார். மண்டபத்தில் மகளைத் தனக்குப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். சோறு வந்ததும் இவள் போனை எடுக்கப் பார்த்தாள், அம்மா தட்டிவிட்டார். பிறகு பார்த்தால் அம்மம்மா பேத்தியிடம் ஆபுத்திரன் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார், அதுவும் நூறு வருஷமாகத் தெரிந்த மாதிரி.

கொட்டாஞ்சேனைக்காரன்:
கல்லைப் பார்க்கவில்லை என்றால் அடுத்த ஆனிக்கும் போக வேண்டும் அக்கா. அடுத்தமுறை என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ரிக்கெட் நான் போடுகிறேன்.